பன்னிரண்டு சுற்று

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், ஒன்பது மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்த நம் வீட்டுக் குளியலறைக் குழாய், இன்று காலை உன் தம்பியின் வீரக் கரத்தால் அடக்கப்பட்டது.

அன்புள்ள பெரியவளுக்கு, மேலே இருப்பது இந்த வாலுடைய வேலை, கண்டுகொள்ளாதே. நாங்கள் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு. பட்டறை லேத்தில் இரும்புச் சுருள் கிழித்து என் வலது கையில் கட்டு, அதனால் நான் சொல்ல இவன் எழுதுகிறான், கையெழுத்தை மட்டும் இடது கையால் நானே போடுவேன். விஷயத்துக்கு வருகிறேன். உன் பெரிய தம்பி ஓட்டத்தின் நடுவில் விழுந்து போய்ச் சேர்ந்த பிறகு, அவனுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர் ஓடுகிற பிள்ளைகள் எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்க வைக்கிறார். இதயத் தசைக்கு அடிபட்டால் அதிலிருந்து ட்ரோபோனின் என்று ஒரு புரதம் ரத்தத்தில் கசியுமாம், வெளியே ஒன்றும் தெரியாதபோதே காட்டிக்கொடுத்துவிடுமாம். இதை எழுதுகிற இவனுக்கு அது கூடுதலாக இருக்கிறது. கடுமையாக ஓடினாலும் ஏறும், பத்து நாள் ஓடாமல் இருந்து மறுபடி கொடுங்கள் என்றார் டாக்டர். உன் அம்மா அந்தக் காகிதத்தைத் தையல் மெஷின் இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டாள், பூட்டினால் எண் குறைந்துவிடும் என்பதுபோல. பெரியவனுக்கும் அன்றைக்கே ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால்

அக்கா, இந்த இடத்தில் அப்பா கண்ணாடியைத் துடைக்கப் பால்கனிக்குப் போய்விட்டார். அது சுத்தமாகத்தான் இருந்தது. நீ பயப்படாதே, ரகசியம் சொல்கிறேன். ரத்தம் எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பிருந்து ஓடக் கூடாது என்றார்கள். படி என்றால் படியில் உட்காருகிறவன் நான், சும்மா இருப்பேனா? முந்தின நாள் சாயங்காலம் மைதானத்தைப் பன்னிரண்டு சுற்று சுற்றினேன், பின்னால் வந்தவர்களுக்கு என் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்தக் காகிதத்தில் இருப்பது என் நோய் இல்லை, என் வேகம். அப்பா வருகிறார், நல்ல பிள்ளையாகிறேன்.

சரி, எழுதுடா. அம்மாடி, உடம்பைப் பார்த்துக்கொள். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினால்கூட டாக்டரிடம் போய்ச் சொல், சிரித்து மழுப்பாதே. உன் பெரிய தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணுமில்லப்பா, வாயு" என்று சொன்னான், நானும் நம்பினேன். கம்பளிச் சட்டையை மறக்காமல் போடு. நீ நோய்நொடியில்லாமல் நிறைந்து வாழ வேண்டும்.

அக்கா, கையெழுத்துக்கு இடம் விடச் சொல்லிவிட்டு அப்பா பேனா தேடப் போயிருக்கிறார். மற்றதை அவர் திருப்பிப் படிக்க மாட்டார், கையெழுத்துப் போட இங்கேதான் குனிவார். அதனால் இங்கேயே எழுதுகிறேன். பன்னிரண்டு சுற்று இல்லை, ஒன்றரை. அதுவும் முந்தின நாள் இல்லை, ரத்தம் எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பு. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது, வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கேட்டவர்களிடம் வாயு என்றேன். அதற்குப் பிறகு நான் ஓடவே இல்லை. குழாயும் நிற்கவில்லை அக்கா. அம்மாவுக்குச் சத்தம் கேட்காமலிருக்கக் கீழே துணியை மடித்துப் போட்டிருக்கிறேன்.

அப்பா, கையெழுத்து இதற்குக் கீழே.

இப்படிக்கு,
உன் அப்பா