ரோசம்மா அக்கா மாற்றிய மலை

என் பிரிய அண்ணா,

ஸ்ரீராம்புரத்தில் நீ வரைந்துகொண்டிருந்த சுவரை உன்னைக் கேட்காமலேயே மாற்றிவிட்டோம். நான்கு நாட்களாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ போன பிறகு அந்தச் சந்துப் பக்கமே நான் போகவில்லை. தங்கவயலின் சயனைடு மேடு சுவரில் முக்கால்வாசி முடிந்து நின்றது. சுரங்கத்துக் கழிவுமண் குவிந்து உயர்ந்த அந்த மேடுதானே நம் ஊர்க்காரர்களுக்கு மலை? உச்சிவெயிலில் வெள்ளை வெளேரென்று போட்டிருந்தாய்.

போன மாதம் ஓவியக்கூடம் நடத்தும் ஒருவர் வந்து என்னை அங்கே அழைத்துப் போனார். "இது அவரோட கடைசி வேலை மேடம். வார்னிஷ் அடிச்சு அப்படியே வெச்சிடலாம். யாரும் தொடக்கூடாது" என்றார். சரி என்று தலையாட்டினேன். உன் கை பட்டது அப்படியே இருக்கும் என்ற ஆசை, வேறென்ன?

மாநகராட்சியில் தெரு பெருக்கும் ரோசம்மா அக்கா துடைப்பத்தோடு பக்கத்தில் நின்றிருந்தார்.

"அப்போ என் மலை தப்பாவே இருக்கட்டுமாம்மா? இங்க வீடு எடுக்கறதுக்கு முன்னாடி தங்கவயல்லேர்ந்து தெனமும் விடியாத இருட்டுல ஃபர்ஸ்ட் ட்ரெயின்ல வேலைக்கு வந்தவ நான். எனக்கு அது கருப்பாத்தான் தெரியும். ஞாயித்துக்கெழமை மாத்தறேன்னு உங்கண்ணன் சொன்னாரே."

அந்த ஞாயிறு வருவதற்குள் நீ போய்விட்டாய். அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் கத்திவிட்டேன். "அவன் போட்டதுமேல யாரும் கை வெக்காதீங்க!" அக்கா துடைப்பத்தோடு நடந்துவிட்டார்.

அன்றிலிருந்து ஒரே குடைச்சல். விவேக் நகரில் முன்பு இருந்த ஏரியை நீ வரைந்தது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அந்தத் தெருக்காரர்களைச் சுவர் முன் உட்காரவைத்துப் பேசவிட்டு, சாக்பீஸால் கோடு போட்டு, அவர்கள் "இல்ல" என்றதும் அழித்தாய். பெயின்ட் காய்ந்த பிறகும் ஒரு பெரியவர் "கரை இந்தப் பக்கம்பா" என்றார். மறுபடி வரைந்தாய். பைத்தியமா உனக்கு என்று நான் திட்டியதற்கு, "பாத்தவங்க அவங்கதானே" என்று சிரித்தாய்.

ஓவியக்கூடத்துக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். "எனக்கு வேலை கெடக்குது, போ கண்ணு" என்றார். மன்னிப்புக் கேட்டேன். முகம் கொடுக்கவில்லை.

ஆனால் ஞாயிறு காலை சுவர் முன் நின்றார். நீலத்தைக் கருப்பில் கலந்து கலந்து பார்த்தார். "இன்னும் கொஞ்சம் இருட்டு வேணும்." கடைசியில் உன் வெள்ளைமேல் பிரஷை வைத்தார். உன் விரல் தடம் ஒன்று அங்கே இருந்தது அண்ணா. அது மறைவதை என்னால் பார்க்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்குள் போய் அழுதேன்.

நான் செய்தது சரியா? யாரைக் கேட்பது?

திரும்பி வந்தபோது, வேலைக்குப் போகும் வழியில் ஒருவர் டிபன் பையோடு சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். தங்கவயல்காரராம். "ஃபர்ஸ்ட் ட்ரெயின் டைமு" என்றார், யாரும் எதுவும் சொல்லாமலே. ரோசம்மா அக்கா என்னைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார்.

ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையோரக் குடும்பங்கள் தங்கள் சுவருக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். அக்கா வரைவார். எனக்கு வரைய வராது. அவர்கள் சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்காமல் கேட்பேன் அண்ணா. சத்தியம்.

உன் பொறுமை கொஞ்சமும் வாய்க்காத தங்கை,
ஸ்டெல்லா