பதினேழாவது தூர்

ஐயா,

நேற்று மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும்போது மண்வெட்டியில் தகரத் துண்டு ஒன்று தட்டியது. துடைத்துப் பார்த்தேன். எனக்கு எண் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கிறுக்கலைத் தெரியும்.

"பதினேழுங்க மாமா" என்றாள் மருமகள்.

"தெரியும் கண்ணு. நீ காகிதம் எடு."

செத்தவருக்குக் கடிதமா என்று சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறாள். சிரிக்கட்டும். நீங்கள் உயிரோடிருந்தபோது திட்டித் தீர்க்கவில்லை நான்.

கம்பையும் யானைப்புல்லையும் கலந்து ஒட்டுப்புல் உண்டாக்கி, எந்தத் தூர் மலைக் குளிரைத் தாங்கும் என்று பார்க்க, கீழே ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து வந்து என் மேட்டுக்காட்டில் நட்டீர்கள். தூருக்கொரு தகரச் சீட்டு. மூன்று வருடம் உயரம் அளந்தீர்கள், இலை கிள்ளி ஐஸ் பெட்டியில் போட்டீர்கள், என் வீட்டுக் களி தின்றீர்கள். "இது கோவேறு கழுதை மாதிரிங்க பெரியவரே, விதை கட்டாது. தண்டை வெட்டிக் கரணை வெச்சாத்தான் வம்சம்" என்று சொன்னவரும் நீங்கள்தான்.

பதினேழாவதை அறுத்துப் போட்டால் என் கிடேரி மற்றதை முகர்ந்தும் பார்க்காது. மார்கழிப் பனியில் மற்றவை கருகி நிற்கும், அது துளிர்விடும்.

அந்த ஐப்பசி மழையில் கம்பி அறுந்து சீட்டெல்லாம் வரப்போரம் ஒதுங்கியது. பொறுக்கி, எந்தக் கிறுக்கல் எந்தத் தூரில் தொங்கியதோ அதிலேயே கட்டினேன். நீங்கள் வந்து முகம் சுளித்தீர்கள்.

"படிக்கத் தெரியாதவரு கட்டுனதை எப்படிங்க நம்பறது?"

"கழுத்துக் கயிறு அறுந்துட்டா எந்த மாடு எதுன்னு தெரியாமப் போயிருமுங்களா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அதுதான் இன்னும் ஆறவில்லை. கடைசியாக ஒருமுறை இலை கிள்ளிக்கொண்டு, அத்தனையையும் பிடுங்கி எரிக்கச் சொன்னீர்கள்.

"பதினேழுல ஒரே ஒரு கரணை உடுங்க சாமி."

"அது பதினேழுதான்னு யாருங்க சொல்றது? சோதனை கெட்டுப்போச்சுங்க."

ஒளித்து வைத்திருக்கலாம். உங்களிடம் சரி என்று சொல்லிவிட்ட மடையன், நானே கடப்பாரை போட்டுக் கெல்லினேன்.

ஆறு மாதம் கழித்துத் தனியாக பஸ்ஸில் வந்தீர்கள். ஆய்வுக்கூடத்தில் சோதித்ததில், நட்டபோது கிள்ளிய இலையும் கடைசியில் கிள்ளிய இலையும் சீட்டுக்குச் சீட்டு பொருந்திவிட்டதாம். "ஒண்ணுகூட மாறலீங்க பெரியவரே." கீழே பண்ணையில் வைத்திருந்த பதினேழும் வேரழுகிச் செத்துவிட்டது என்றீர்கள். மரவள்ளிக்கு நடுவே நின்று என் கையைப் பிடித்தீர்கள். நான் உதறவில்லை. உதறியிருக்க வேண்டும்.

தகரத்தை இடுப்பில் முடிந்து வைத்திருக்கிறேன். கண்ணைக் கட்டி விட்டாலும் பதினேழு நின்ற இடத்தில் போய் நிற்பேன் ஐயா. நடுவதற்குத்தான் கரணை இல்லை.