பட்டன் பிய்த்த சட்டைகள்

மாப்ள,

இன்று காலை அரியலூர் கடையில் ஒரு பேல் பிரித்தோம். திருப்பூர்ப் பக்கமிருந்து வரும் கழிவுத்துணி. லாரிப் பட்டறைக்காரர்கள் கிரீஸ் துடைக்க வாங்கிப் போவது. பனியன் துண்டுகளுக்கு நடுவே முழுசாக ஒரு சட்டை கிடந்தது, நீலக் கட்டம் போட்டது. அதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைப்பையனுடைய அப்பாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடித்துக் குனிந்தால், சட்டையிலிருந்த பட்டன் மொத்தமும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

"ஏங்க மொதலாளி, நல்ல சட்டை. எனக்குக் குடுத்திருந்தா நான் போட்டிருப்பேன்ல? இப்படிப் பிச்சுப் போட்டுட்டீங்களே" என்றார் அவர்.

பழக்கம் என்றேன். உன்னால் வந்த பழக்கம்.

உனக்கு எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் போன போகிக்கு உன் கொட்டகையில் நடந்ததை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்தவன் சொல்வதுதான் முறை.

நம் இரண்டு பேருடைய அப்பாக்களும் அடுத்தவர் வெங்காயக் காட்டில் கூலிக்கு நின்றவர்கள். எனக்குச் சாக்கு கிடைத்தது. காலிச் சாக்கை வாங்கி, உதறி, தைத்து விற்றே மேலே வந்தேன். நீ குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனாய். நம் பக்கத்து ஆட்கள் அங்கிருந்து திரும்பினால் தங்கம் வரும், கம்பளி வரும், செண்டு வரும். நீ இறங்கியபோது உன் பெட்டியில் இருந்தது ஒரு ஜோடி சிவப்புக் கையுறை. கேம்ப்பில் பக்கத்து அறைக்காரன் ஒருவன் வெள்ளிக்கிழமைதோறும் குத்துச்சண்டை சொல்லிக் கொடுத்தானாம். நீ மயங்கிப்போய் வந்திருந்தாய்.

அன்றைக்கு உன் வீட்டு வாசலில் என் தங்கச்சி சொன்னது தெரு முழுக்கக் கேட்டது. உன் மனைவியை நான் தங்கச்சி என்றுதானே கூப்பிடுவேன்.

"ஊர்ல அவளவ புருஷன் கைக்கு வளையல் கொண்டாந்தான். எனக்கு வாச்சவரும் கைக்குத்தான் கொண்டாந்திருக்காரு. ஆனா அவரு கைக்கு!"

நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அது அப்போது நமக்கு உறைக்கவில்லை.

பெரம்பலூரில் துறையூர் ரோட்டுக்கு உள்ளே வாங்கிய மனையில் வீடு பாதி, கொட்டகை பாதி. "எவன்டா இங்க பாக்ஸிங் கத்துக்க வரப்போறான்? ஒரு பெட்டிக்கடை வையி" என்றேன். இப்போதும் அந்த யோசனை தப்பு என்று நான் நினைக்கவில்லை. வியாபாரமாகப் பார்த்தால் அந்தக் கொட்டகை ஒருநாளும் தேறியதில்லை. வேன் ஓட்டி அதை நீ காப்பாற்றினாய். ஆனால் பிள்ளைகள் வந்தார்கள். டீக்கடைக்காரர் மகன் வந்தான், போலீஸ் வேலைக்குத் தயாரானவர்கள் வந்தார்கள், யாரிடமோ அடி வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று வந்தவர்களும் உண்டு. அந்த மூன்றாவது ரகம்தான் ரொம்ப நாள் நிற்பான், நல்லவனாகவும் ஆவான் என்பாய்.

குத்துவதற்கான மூட்டையைக் கடையில் வாங்க உன்னிடம் வசதி இல்லை. என்னிடமிருந்த கெட்டிச் சாக்கை உள்ளே வைத்து, மேலே லாரித் தார்ப்பாயைச் சுற்றித் தைத்தோம். உள்ளே பழந்துணி. லாரிச் சங்கிலியில் கட்டி உத்திரத்தில் தொங்கவிட்டோம். முதல் வாரமே யாரோ போட்ட பேண்ட்டின் ஜிப் தார்ப்பாயைக் குத்திக்கொண்டு வெளியே வந்து ஒருவன் விரல் முட்டியைக் கிழித்துவிட்டது. அன்றைக்கு அத்தனை துணியையும் வெளியே கொட்டி, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாய். பட்டன், கொக்கி, ஜிப், எல்லாம் பிய்த்தாய்.

"குத்துனா எதிராளியால வலிக்கட்டும் மாப்ள. மூட்டையால வலிக்கக் கூடாது" என்றாய்.

துணி போகப்போக அடியில் இறங்கிக் கல்லாகிவிடும், மேலே தொளதொளவென்று ஆகிவிடும். வருடத்துக்கு ஒருமுறை அவிழ்த்து அடைக்க வேண்டும். அதற்கு நீ போகியைப் பிடித்தாய். "பழச எரிக்கிறதுக்கு எங்கிட்ட கொண்டாங்க" என்று தெருத் தெருவாகச் சொன்னாய். அதிலிருந்து போகி விடிந்தால் சனம் உன் வாசலில்தான். லுங்கி, சேலை, பள்ளிக்கூடச் சட்டை. கொண்டு வரும்போதே பட்டனைப் பிய்த்துவிட்டுக் கொண்டுவரப் பெண்கள் பழகிவிட்டார்கள். மெல்லிசுத் துணி வெளிச்சுற்றுக்கு, கெட்டித் துணி நடுவுக்கு. அடைத்து முடித்துத் தொங்கவிட்டதும் முதல் குத்து உன்னுடையது. அது வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. நானும் வருடா வருடம் ஒரு கட்டுக் கழிவுத்துணியோடு வந்து நிற்பேன்.

அப்படி ஒரு போகியில்தான், வெங்காய போண்டாவை வாயில் வைத்துக்கொண்டு அதைச் சொன்னாய். "நான் போனா என் துணிய ஆத்துல கீத்துல விட்டுறாதீங்கடா. இதுல போடுங்க. பட்டனப் பிச்சுட்டு." நான் உன் தலையில் தட்டி, வாயைக் கழுவு என்றேன்.

போன ஐப்பசி மழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் நீ, எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்த மறுநாளே தங்கச்சி கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். உன் மகன் கதிர் கேட்டுப் பார்த்தான். நீ வேனோடு அலைந்த நாட்களில் கொட்டகையைப் பார்த்துக்கொண்டது அவன்தான். அவள் அசையவில்லை. பிறகு எனக்குப் போன் செய்தாள். "அண்ணே, கொட்டகைய நீங்க சாக்கு குடோனுக்கு எடுத்துக்கங்க. அவன் சிங்கப்பூர் போகட்டும்."

உள்ளதைச் சொல்கிறேன். எனக்குப் பெரம்பலூரில் குடோன் தேவைப்பட்டது. உன் கொட்டகைக்கு முன்னால் லாரி தாராளமாகத் திரும்பும். போகியன்று அந்தப் பக்கம் வேலை இருந்ததால் அப்படியே இடத்தைப் பார்த்துவிடலாம் என்றுதான் போனேன். துணிக்கட்டு எதுவும் எடுத்துப் போகவில்லை.

போனால், பூட்டின கொட்டகைக்கு முன்னால் கூட்டம். யாரும் கூப்பிடவில்லை. ஆளுக்கு ஒரு பையோடு, வழக்கம்போல வந்து நிற்கிறார்கள். கதிர் பூட்டுக்குப் பக்கத்தில் கை கட்டிக்கொண்டு நின்றான். தங்கச்சி வீட்டு வாசற்படியில்.

"அத்தை, எரிக்க மனசு வரல. வாங்கி வச்சுக்கங்க" என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

"எதுக்கு வாங்கி வைக்க? கொட்டகைய அண்ணனுக்கு விட்டாச்சு" என்று என்னைக் கை காட்டினாள் தங்கச்சி. கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. எத்தனையோ கடன்காரன் வாசலில் சட்டமாக உட்கார்ந்தவன் நான். அன்றைக்கு நிற்க இடம் தெரியவில்லை.

அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏம்மா இப்படிப் பிடிவாதமா இருக்க?"

"அந்தத் தொம்முதொம்முச் சத்தம் கேட்டா அவரு உள்ள இருக்கிற மாதிரியே இருக்குண்ணே. அடுப்படியிலேருந்து எட்டிப் பாத்தா இல்ல. தினம் எத்தனை தடவ எட்டிப் பாக்குறது?"

அந்த நேரத்தில்தான் கதிர் வந்து, "அப்பாவோட துணி பெட்டியில அப்படியே கெடக்கு மாமா. அதையாவது என்ன செய்யறதுன்னு அம்மாவ முடிவு பண்ணச் சொல்லுங்க" என்றான். நீ போண்டாவோடு சொன்னது ஞாபகம் வந்தது. சொல்லிவிட்டேன். இருவருக்கும் முன்னால், நீ சொன்ன சொல்லிலேயே.

தங்கச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "செத்த மனுசன ஊரே நின்னு குத்தணுமா? நல்லாருக்குண்ணே நீங்க கொண்டாந்த சேதி!"

"நான் சொல்லலம்மா. அவன் சொன்னான்."

"எங்கிட்ட சொல்லலையே!"

"சொன்னா நீ திட்டுவேன்னு பயந்திருப்பான்."

"திட்டத்தான் செஞ்சிருப்பேன்" என்றாள். வீட்டுக்குள் போய்விட்டாள். கதிர் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். காரியம் கெட்டது என்று நினைத்தேன். குடோன் எனக்குத்தான் என்றும் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். யாரையும் தொடவிடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து உன் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பிளேடால் நூலறுத்து, பட்டனைப் பிய்த்து மடியில் போட்டாள். வேன் ஓட்டும்போது போடும் காக்கி. நான் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்து, நீ பிடிக்காமல் மடித்தே வைத்திருந்த மஞ்சள் சட்டை. "இது புதுசாவே கெடக்கே" என்று அதையும் போட்டாள். இன்று பேலில் கிடந்ததைப் போலவே நீலக் கட்டம் போட்ட உன் முழுக்கைச் சட்டை வந்தபோது மட்டும் மடித்துத் தனியாக வைத்தாள்.

"அது?" என்றேன்.

"சோளக்காட்டுக்குப் போறப்ப சேலைக்கு மேல போட்டுக்குவேன். சொணை குத்தாது" என்றாள். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கதிரிடம் நீட்டினாள்.

மூட்டையை இறக்கினார்கள். அடியில் கல்லாகிக் கிடந்ததைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தோம். ஊர்த் துணி, உன் துணி எல்லாம் கலந்து அடைத்தோம். உன்னுடையதை எந்தச் சுற்றில் வைப்பது என்று கதிர் தயங்கினான். "அவன் கனமான ஆளா என்ன? வெளிச்சுத்துலயே வையி" என்றேன். தைத்துத் தொங்கவிட்டார்கள். சங்கிலி கிறீச்சிட்டு நின்றது.

முதல் குத்து யார் குத்துவது? கதிர் அந்தச் சிவப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு மூட்டைக்கு முன்னால் நின்றான். கை எழும்பவில்லை. "முடியல மாமா" என்றான்.

தங்கச்சி படியிறங்கி வந்தாள். "அதக் கழட்டுடா" என்று கையுறையை வாங்கினாள். வலது கையுறையை மட்டும் மாட்டிக்கொண்டாள், இடது கையால் முந்தானையைச் செருகிக்கொண்டாள். மூட்டையை ஒரு பார்வை பார்த்தாள்.

"வளையல் கொண்டாரச் சொன்னா கையுறையா கொண்டாந்த?"

விட்டாள் ஒரு குத்து. சும்மா தொட்டுப் பார்க்கிற குத்து இல்லை மாப்ள. சங்கிலி ஆடியது. எதிர்வீட்டுப் பெண் முதலில் சிரித்தாள், அப்புறம் எல்லோரும். தங்கச்சியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அந்தக் கையுறை வந்து இறங்கிய நாளில் பாக்கி வைத்த சிரிப்பு அதுதான் போலிருக்கிறது.

கொட்டகை இப்போது நடக்கிறது. விடியற்காலையில் பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு நேரம் வைத்திருக்கிறான் கதிர். போனில் பாட்டைப் போட்டுவிட்டுக் கால் வைக்கிற முறை சொல்லித் தருகிறான். நீ கைக்குத்தான் வாத்தியார், காலைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது. உன்னைவிட அவன் கெட்டிக்காரன், கோபித்துக்கொள்ளாதே. தொம்முதொம்மு என்று கேட்கும்போது தங்கச்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறாளா என்று ஒருமுறை கேட்டேன். "எதுக்குண்ணே? உள்ள இருக்காருன்னுதான் தெரியுமே" என்றாள்.

எனக்குக் குடோன் வேறு இடத்தில் கிடைத்தது. லாரியைப் பின்னுக்கு விட்டுத்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. டிரைவர்கள் என்னைத் திட்டுகிறார்கள். அந்தத் திட்டில் பாதி உனக்குச் சேர வேண்டியது.

காலையில் பிய்த்த பட்டன்கள் மேசை மேல் கிடக்கின்றன. சட்டையை வரும் போகிக்கு என்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். சாப்பிடப் போனபோது வீட்டிலும் சொன்னேன், எனக்குப் பிறகு என் துணியும் அந்த மூட்டைக்குத்தான் போக வேண்டும் என்று.

"உங்க துணியாலயா மூட்ட ரொம்பப் போவுது? இருக்கிறதே நாலு வெள்ளச் சட்ட, அதுலயும் ரெண்டு கிழிசல்" என்றாள் என் மனைவி, சோற்றைப் போட்டுக்கொண்டே.

அது போதும், பட்டனை மட்டும் மறக்காமல் பிய்த்துவிடு என்றேன்.