முடியோடு போன கடவுச்சொல்

இன்று அலமாரியை ஒழித்தபோது உன் ஊதா நிற ஷால் கிடைத்தது. மடிப்பில் இன்னும் தலைவலித் தைல வாசம். நாம் சேர்ந்து வேலை பார்த்த கம்ப்யூட்டர் அறைக் குளிரில் உனக்கு எப்போதும் தலைவலிதான்.

ஓர் ஆண்டு, அம்மாவின் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்காகத் தைப்பூசத்தன்று பத்துமலை முருகன் கோயிலில் மொட்டை போட்டேன். விடுப்பில் போகிற அவசரத்தில் சரக்குக் கணக்கெல்லாம் இருக்கும் டேட்டாபேஸின் நிர்வாகிக் கடவுச்சொல்லை மாற்றி வைத்திருந்தேன். ஐந்து நாள் கழித்து ஷா ஆலம் தொழிற்சாலைக்குத் திரும்பினால் அது சுத்தமாக நினைவில் இல்லை. கூச்சத்தில் குனிந்திருந்த என் தலையில் இந்த ஷாலைக் கட்டிவிட்டுக்கொண்டே, "முடியோட பாஸ்வேர்டையும் முருகனுக்குக் குடுத்துட்டியாடி?" என்று கேட்டாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டேட்டாபேஸ் நிரம்பிவிட்டது. நிர்வாகியாக நுழைந்து இடத்தைக் கூட்டினால்தான் லோரிகளுக்குச் சரக்குச் சீட்டு அச்சாகும். வாசலில் ஒன்பது லோரிகள் நின்றன. கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் காத்திருந்தது. மூன்று மணிக்குள் சரியாகாவிட்டால் நாளை முதல் நான் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார் மேனேஜர்.

அம்மா பெயர், அப்பாவின் கார் நம்பர் என்று தோன்றியதையெல்லாம் அடித்துக்கொண்டிருந்தேன். நீ என் புறங்கையில் ஓங்கி ஒன்று வைத்தாய்.

"கண்டபடி அடிக்கிறத நிப்பாட்டு லா. மிஷினோட பாஸ்வேர்டு நம்மகிட்ட இருக்குதானே?"

இருந்தது. கம்ப்யூட்டரின் உரிமையாளராக நுழைந்து டேட்டாபேஸை நிறுத்தி, சோதனை வேண்டாம் என்ற கட்டளையோடு எழுப்பினால், அது நம்மிடம் கடவுச்சொல் கேட்காது. டேட்டாபேஸோடு வந்த தடித்த கையேட்டில் அப்படியொரு பத்தி இருப்பதை நீ மட்டும்தான் படித்திருந்தாய்.

"நிறுத்தினது எழும்பலன்னா?"

"எழும்பலன்னா ரெண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்குப் போவோம்," என்று சொல்லி நீயே விசையைத் தட்டினாய். உனக்கு அந்த வேலை என்னைவிட அதிகம் தேவைப்பட்டது என்பது எனக்குத் தெரியும்.

திரை கறுத்தது. பிறகு ஒரு வரி வந்தது. எதுவும் கேட்காமல் உள்ளே விட்டது. புதுக் கடவுச்சொல் வைத்தேன், இடத்தைக் கூட்டினேன், பிரிண்டர் கரகரவென்று முதல் சீட்டைத் தள்ளியது. மணி இரண்டே முக்கால்.

லோரிகள் ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டின. நீ என் தலையிலிருந்து ஷாலை உருவி ஜன்னல் வழியே நீட்டி ஆட்டினாய். ஓட்டுநர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் மொட்டைத் தலையோடு எல்லாரும் பார்க்க நின்று சிரித்தேன். அவ்வளவு நேரமும் இருந்த கூச்சம் போன இடம் தெரியவில்லை.

நீ கண்மூடி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது ஒரு முழு சர்வர் அறை என் பொறுப்பில் இருக்கிறது. ஏதாவது பூட்டிக்கொண்டு எல்லாரும் பதறும்போது, நான் முதலில் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுகிறேன். நீ அடித்த இடம் இன்னும் வலிக்கிறதடி.