தடுப்பாட்டக்காரரின் முழங்கால்

என் வீட்டுக்காரருக்கு,

நம் சுவரில் நீங்கள் படம் ஒட்டிய ஸ்காட்லாந்துக் கால்பந்துக்காரரின் பேட்டியை நூலகத்தில் படித்தேன். உங்களைப் போலவே தடுப்பாட்டக்காரர். பதினெட்டு வருடத்தில் இரண்டே கோல். இப்போது அப்பாவின் மீன்படகில் போகிறாராம். முழங்கால் வலியை மனைவியிடம் மறைத்தாராம். அவர் படியிறங்கும் விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம்.

பொங்கலுக்கு வந்தபோது நீங்கள் படகிலிருந்து இறங்கியதை நானும் பார்த்தேன்.

நேற்று ஏரியில் யார் எந்த நாளில் வலை போடுவது என்று முறைப் பட்டியல் எழுதினார்கள். "மூணு வாட்டி மொற வந்தும் அவன் வரல. பந்து ஒதைக்கறவனுக்கு ஏரி இன்னாத்துக்கு, பேர அடிச்சிடட்டா?" என்றார் பட்டியல் எழுதிய துளசிங்கம் மாமா.

"இருக்கட்டும் மாமா, வருவாரு" என்றேன். இதையே சொல்லி அலுத்துவிட்டது.

உங்கள் முறை மாசி பத்தாம் தேதி. நீங்கள் ஆடும் கல்கத்தா கிளப்பில் சொல்லிவிட்டு வாருங்கள். ஏரியில் இடுப்பளவு தண்ணீர்தான். அதில் நின்றால் முழங்காலுக்குப் பாரம் தெரியாது.

காத்திருக்கும்
உங்கள் வீட்டுக்காரி