கருடக்கொடிக்கு மூன்று நாள்

ஜூலை 8
பின்கட்டில் வாளியில் புகையிலை ஊறுகிறது. பெரியப்பா கருடக்கொடிக்கு மருந்தடிக்கப் போகிறாராம். என் கொடி! இயற்கை கிளப்பில் கொடுத்த தண்டைப் பலா மர நிழலில் நட்டது நான். வேனலில் செத்தது போலக் கிடக்கும். முதல் மழையில் வேரிலிருந்து மறுபடி கிளம்பும். இந்த மழைக்குத்தான் பட்டாம்பூச்சி வந்து முட்டையிட்டது. இப்போது கொடி முழுக்கப் புழு. வேறு எந்த இலையையும் அவை தின்னாது.

“இந்தக் கொடி போனா ஆத்துக்குள்ள பாம்பு வரும், கேட்டியா?”

“அதெல்லாம் பட்டாம்பூச்சி ஆகும், பெரியப்பா.”

“புழுவுக்கு வக்காலத்தா? கொள்ளாம், ரொம்ப நன்னாருக்கு! இனி கிளப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். வாயே திறக்கவில்லை. அப்பா போனதிலிருந்து இப்படித்தான். பெரியப்பாவை விட அவள் மேல்தான் எனக்குக் கோபம்.

ஜூலை 9
மாதவிலக்கு. மூன்று நாள் பின்கட்டு அறை, தனித் தட்டு, தனிப் பாய். நான் தொட்டதைப் பெரியப்பா தொடமாட்டார். நான் இருக்கும் பக்கமே வரமாட்டார். பஸ்ஸில் எல்லோரும் என்னை இடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். இந்த வீட்டில் மட்டும் நான் அழுக்கு.

சரி, அழுக்காகவே இருக்கிறேன் — அவர் பார்க்கும்போதே வாளிக்குள் கையை விட்டேன். கொடியையும் தொட்டேன்.

“அசத்து! நீ குளிச்சு வா, அப்புறம் பாத்துக்கறேன்.”

எத்தனை தடவை கழுவியும் கையில் புகையிலை நாற்றம் போகவில்லை.

ஜூலை 10
ஐந்து புழுக்கள் சுவரேறிக் கூடாகத் தொங்கிவிட்டன. மற்றதெல்லாம் இன்னும் தின்கின்றன. சீக்கிரம் தின்னுங்களேன், சனியன்களா!

ஜூலை 11
சுள்ளிக்கல் கடைக்குப் போய்ப் புதிதாகப் புகையிலை வாங்கி வந்திருக்கிறார். நாளை நான் குளிக்கும் நாள். இன்னும் ஆகவில்லை என்று பொய் சொல்லலாமா? முடியாது. என் நாள் கணக்கு என்னை விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். எவ்வளவு அசிங்கம்!

ஜூலை 12
குளித்துவிட்டு வந்தேன். பெரியப்பா வாளியோடு நிற்கிறார். அம்மா அவரைத் தாண்டிப் போய்க் கொடியடியில் பாயை விரித்தாள்.

“நான் தூரம்.”

“அதுக்குள்ளயா? போன ஆழ்ச்சதானே… பத்து நாள்கூட ஆகலையே…”

“என் உடம்பு எனக்குத் தெரியாதா?”

பெரியப்பா வாளியைக் கீழே வைத்தார். “அப்போ… சாப்பாடு?”

“மட்டாஞ்சேரியில ஹோட்டலா இல்லை?”

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் காப்பி போட்டுக் கொண்டுபோய், வழக்கம் போல எட்ட வைத்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துப் பாயில் பக்கத்தில் உட்காரவைத்தாள்.