பக்கத்து வீட்டில் மன்னிப்பு

சனிக்கிழமை இரவு.

மகள் யாழினி இன்றும் ராப் போட்டாள். பாட்டா அது? மூச்சு விடாமல் எவனோ சண்டை பிடிக்கிறான்.

"சத்தத்தைக் குறை, பக்கத்து வீட்டு ஆன்ட்டி கம்ப்ளெய்ன் பண்ணப் போறாங்க" என்றேன்.

"உங்களுக்குத்தான் பிடிக்கல, ஆன்ட்டி மேல ஏன்பா பழி போடுறீங்க?" என்றாள்.

விடுவேனா? சிராங்கூன் சாலையில் வாங்கிய முறுக்கோடு அவளையும் இழுத்துக்கொண்டு அந்தச் சீன ஆன்ட்டியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"அந்தப் பாட்டு ஓகே லா, கேட்டுக்கிட்டேதான் துணி மடிக்கிறேன்" என்று சிங்கப்பூர் ஆங்கிலத்தில் சொன்னவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தினமும் காலையில உங்க பாத்ரூம்ல ஒருத்தர் அழறாரே, அவருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

அழுகையா! குளிக்கும்போது நான் பாடும் பழைய மெலடி அது.

யாழினி லிஃப்ட் பக்கம் ஓடிப்போய்ச் சிரித்தாள்.

"அவருக்கு இப்ப தேவலை ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு வந்தேன். நாளைக்கு வாயை மூடிக்கொண்டுதான் குளிக்க வேண்டும்.